பால்கனியில் பீட்

வங்காளத்தில், சால்ட் லேக்கில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. காடுகளும் சதுப்பு நிலங்களும் தம்மிடமுள்ள கரியை, அதாவது கார்பனை, காற்றில் விடாமலிருக்க அரசு என்ன செய்யலாம் என்று குறிப்பெழுதுவது. அதில் ‘பீட்’ என் பங்கு. செடிகொடிகள் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மண் அது. தோண்டிக் காயப்போட்டால் உள்ளிருக்கும் கரி காற்றோடு போய்விடும். இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். கண்ணால் பார்த்ததுதான் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் என் மனைவி ஒரு மூட்டையைப் பிரித்து, பழுப்பாகப் பொலபொலவென்று எதையோ தொட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“என்ன அது?”

“பீட்டுங்க. மொளகாச் செடிக்கு நல்லதுன்னு நர்சரில குடுத்தாங்க.”

அவ்வளவுதான், தொடங்கிவிட்டேன். உலகம் சூடாவதில் ஆரம்பித்து எங்கள் பால்கனியில் வந்து முடித்தேன். நடுவில் அவள் இரண்டு முறை பேச வாயெடுத்தாள். கையமர்த்தினேன். தொட்டிகளில் இருந்ததையும் மூட்டைக்குள் திரும்ப அள்ளிப் போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வங்காளம் சரளமாகப் பேசுவாள். என் வங்காளம் ஆட்டோ வாடகை பேசுவதோடு நின்றுவிடும். நர்சரிக்காரருக்கு அறிவுரை சொல்ல அது போதாது.

பாதி வழியில் மகள் மூட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இதுல கோகோபீட்னு போட்டிருக்கு. தேங்கா நார்த் தூளாம்.”

“சரியாப் படி.”

“சரியாத்தான் படிக்கறேன். எங்கிருந்து வருதுன்னும் இருக்கு. பொள்ளாச்சி.”

பொள்ளாச்சி என் சொந்த ஊர். பள்ளிக்கூடம் போகும் வழியில் நார் மில்களுக்கு வெளியே இந்தத் தூள் மலையாகக் குவிந்து கிடக்கும். அதில் சறுக்கி விளையாடி, சட்டையைப் பாழாக்கி, வீட்டில் அடி வாங்கியிருக்கிறேன்.

சும்மா திரும்ப மானம் இடம் தரவில்லை. நர்சரி வரை போய் ஒரு சாமந்திச் செடி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மூட்டையையும் சாமந்தியையும் ஒன்றாகப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

“நார்த் தூளுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்கும் அதே ஊர்தானுங்களே. நீங்க பேச உட்டாத்தானுங்க சொல்றதுக்கு.”

மறுநாள் தேநீர் வேளையில் எங்கள் பிரிவு அதிகாரியிடம் இதைச் சொன்னேன். வங்காளிப் பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். பிறகு, “இதையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். அரசு நாற்றங்கால்களில் பீட் வேண்டாம், தென்னை நார்த் தூள் போதும் என்று” என்றார்.

என் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். சதுப்பு நிலங்களில் நீர் வடியாமல் காப்பது பற்றி நான் உருகி உருகி எழுதிய பக்கங்கள் எல்லாம், மேலும் ஆராய வேண்டும் என்ற குறிப்போடு சில வாரங்கள் கழித்து மேலிடத்திலிருந்து திரும்பி வந்தன. அந்த ஒரு பத்தி மட்டும் ஏற்கப்பட்டது.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ற பேரு போட்டீங்களா?”

“அதுல யார் பேரும் வராது. என் பேரே கிடையாது.”

“உங்க பேரும் இல்லீங்களா? அந்த மட்டுக்கு நல்லதுங்க” என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.