நாகஜோதி எங்கே பாஸாகப் போகிறாள்

மகளைப் பற்றி யார் கேட்டாலும் பாண்டியம்மாள் முதலில் தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வாள். பின்னால் நிற்பது யார், அவர்கள் காதில் விழுமா என்று தெரிந்த பிறகுதான் வாய் திறப்பாள். திறந்தாலும் நல்லதாக ஒன்றும் வராது. பிள்ளை நன்றாகப் படிக்கிறதா என்றால், "அது எங்க படிக்குது" என்பாள். நன்றாகச் சாப்பிடுகிறதா என்றால், தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறது என்பாள்.

கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் அது. விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் பலர். வருஷக்கணக்காக அவளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து போனவர்களுக்கு இந்தப் பழக்கம் அத்துபடி. வேண்டுமென்றே சீண்டுவார்கள். "ஏத்தா பாண்டி, ஒம் மக நேத்து புதுப் பாவாடை கட்டிப் போனாளே, கண்ணு நிறைஞ்சுபோச்சு" என்று அன்னத்தாய் ஆரம்பித்தால் போதும், பாண்டியம்மாளின் கழுத்து தானாகத் திரும்பும். "அது எங்கிட்டுப் புதுசு. எங்க அக்கா மக கட்டிக் கழிச்சது" என்பாள். ஜீப்பே சிரிக்கும். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றாறில் மூத்தவன் காமராஜ் ஏழாம் வகுப்பு அரைப் பரீட்சையில் முதலாவதாக வந்தான். அப்போது பாண்டியம்மாளுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. இதே ஜீப்பில் எல்லோருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தாள். வாத்தியாரே வீடு தேடி வந்து சொன்னதாக, நடந்ததற்கு மேலே நாலு வார்த்தை சேர்த்தும் சொன்னாள். அந்த மாசம் முடிவதற்குள் பையனுக்கு மஞ்சள் காமாலை. படுத்தவன் எழுந்தபோது முழுப் பரீட்சை முடிந்திருந்தது. அடுத்த வருஷம் சின்னப் பையன்களோடு உட்கார வெட்கப்பட்டு, பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. இப்போது மலைமேல் ஒரு ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருக்கிறான். கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். பாண்டியம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் மிட்டாய் வாங்கித் தின்ற முகங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்ப்பதை அவள் நிறுத்தவே இல்லை. யாருடைய கண் என்று கடைசிவரை பிடிபடவில்லை. அதனால் எல்லோர் கண்ணையும் சந்தேகப்பட்டாள்.

இளையவள் நாகஜோதி. படிப்பை விட்டு அவள் தினம் இந்த ஜீப்பில் ஏறக் கூடாது. பாண்டியம்மாளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைப் புருஷன் பேச்சிமுத்துவிடம்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகள் நல்ல மார்க் வாங்கி வந்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள்.

இரண்டாயிரத்து ஏழு ஆடி மாதத்தில் ரபீக் அந்த ஊருக்குள் வந்தான். உத்தமபாளையத்துப் பையன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். மதுரையில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தான். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பள்ளியில் என்ன பாடு படுகிறார்கள், பத்தாம் வகுப்பில் ஏன் பின்தங்குகிறார்கள் என்பது அவனுடைய ஆராய்ச்சி. அதைத்தான் ஊராரிடமும் சொன்னான். யாரும் நம்பவில்லை. பிள்ளைகளை வேலைக்குக் கூட்டிப்போகிறோமா என்று துப்புப் பார்க்க லேபர் ஆபீஸிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள் சிலர். ரேஷன் கார்டில் பெயர் எடுக்கத்தான் என்றார்கள் வேறு சிலர். பிள்ளை படிக்காததைத் தெரிந்துகொள்ள ஒருவன் மதுரையிலிருந்து பெட்ரோல் போட்டு வருவானா என்று கேட்டாள் அன்னத்தாய்.

அவன் பாண்டியம்மாள் வீட்டுக்கு வந்தபோது அவள் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி, காய்க்கறை படிந்த விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்து திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு இன்னும் திரும்பவில்லை. உள்ளே நாகஜோதி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் எழுந்துபோய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"உள்ள என்னக்கா சத்தம்?"

"ரேடியோ" என்றாள்.

வீட்டில் ரேடியோ உண்டு என்று அவன் குறித்துக்கொண்டான். மகள் காய் எடுக்க மலைக்கு வந்திருக்கிறாளா என்று கேட்டான். ஒருநாளும் இல்லை என்றாள் பாண்டியம்மாள். சீசனில் சனிக்கிழமை தவறாமல் கூட்டிப்போகிறவள்தான். வீட்டில் படிக்க இடம் இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா, பக்கத்தில் உட்காருவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனான். கடைசிக் கேள்விக்கு வந்தபோது தெருவில் யாரோ இருவர் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். பாண்டியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க பொண்ணு பத்தாவது பாஸாகும்னு நினைக்கிறீகளா?"

"அது எங்க தம்பி பாஸாகப் போகுது. மக்குப் பிள்ள. ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டாத் தேவல."

அவன் எழுதிக்கொண்டான். அவன் எழுதுவதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாக இருந்தது. வந்தவன் யாராக இருந்தாலும் இனி அவன் கண் இந்த வீட்டுப் பக்கம் வராது.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு செய்தி பரவியது. வெளியூர் அறக்கட்டளை ஒன்று பத்தாம் வகுப்புக்குச் சாயங்காலத் தனிவகுப்பு நடத்தப் பணம் தருகிறது. ஆனால் எல்லோருக்கும் இடம் கிடையாது. ஏழு மணிவரை வகுப்பு. காய் எடுக்கிற சீசனிலும் பிள்ளையை நிறுத்தாமல் அனுப்புகிற வீடாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் விஜயபாண்டி, நல்ல மார்க் வாங்குகிறவர்களை முதலில் எடுத்தார். நடுத்தரமாக வாங்குகிறவர்களில் யாரை எடுப்பது என்று வந்தபோது, ரபீக் திரட்டிய பதில்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாத வீடுகளைக் கழித்துவிட்டார். சனிக்கிழமைகளை மலையில் விட்டுவிட்டு நடுத்தர மார்க்கில் நின்ற நாகஜோதிக்கு இடம் இல்லை. அவளைவிடக் குறைவாக வாங்கிய அன்னத்தாய் மகன் சுருளிவேலுக்கு இடம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்த நாகஜோதி அழவில்லை. இனி வெள்ளிக்கிழமையும் மலைக்கு வரட்டுமா என்று மட்டும் கேட்டாள். பாண்டியம்மாள் அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் ஜீப் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தனிவகுப்புக்குச் சம்மதம் சொல்ல வந்த அப்பா அம்மாக்கள் வராந்தாவில் நின்றார்கள். அன்னத்தாயும் நின்றாள். விஜயபாண்டிக்குப் பக்கத்தில் ரபீக் உட்கார்ந்திருந்தான்.

"எம் மகளுக்கு ஏன் சார் இடமில்ல?"

விஜயபாண்டி கோபக்காரர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். "நீங்கதானம்மா சொன்னீக, பிள்ள பாஸாகாது, கட்டிக் குடுக்கப் போறேன்னு. நான் இடத்தக் குடுத்து, தையில நீங்க நிறுத்திட்டீகன்னா, படிக்கிற ஒரு பிள்ள இடம்ல வீணாப் போகும்."

பாண்டியம்மாள் ரபீக்கைப் பார்த்தாள். இவன் எதற்கோ வந்திருக்கிறான் என்று அன்றைக்கே சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று என்று தோன்றியது. ஆனால் அவன் கெடுக்க வந்தவன் போலவும் இல்லை. முகம் வெளுத்துப்போய், தன் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீ படிக்கயில ஒங்க அம்மாகிட்ட யாராச்சும் கேட்டிருப்பாகள்ல, மகன் எப்படிப் படிக்கிறான்னு? அவுக என்ன சொல்லுவாக?"

ரபீக் தாள்களிலிருந்து தலை தூக்கினான். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவன்போலச் சொன்னான்: "அவனெல்லாம் எங்க உருப்படப் போறான்னு சொல்லும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரபீக் சிரிக்கவில்லை. தாள்களை அவசரமாகப் புரட்டினான். இஞ்சினியர், கலெக்டர், டாக்டர் என்று சொன்ன வீடுகளில் அப்பாக்கள் பதில் சொல்லியிருந்தார்கள். பாஸாகாது என்ற வீடுகளில் எல்லாம் அம்மாக்கள். அன்னத்தாய் வீட்டுக்கு அவன் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தான். அவள் புருஷன் வீட்டில் இருந்தான். ரபீக் அதைச் சொன்னபோது விஜயபாண்டி தாள்களை வாங்கிப் பார்த்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"இருக்கட்டும்ப்பா. ஆனா நான் எதை வச்சு எடுக்கிறது? அந்தம்மா இப்பச் சொல்லட்டும். பிள்ள படிக்குமா, படிக்காதா? நாலு பேருக்கு முன்னாடி சொல்லட்டும், நான் இடம் தர்றேன்."

இத்தனை கண்களுக்கு நடுவில் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்: அடுத்த ஆடியில் அதே ஜீப்பில், அவளுக்குப் பக்கத்தில் மகள். பாண்டியம்மாளின் கழுத்து பாதி திரும்பி நின்றது. முழுதாகத் திரும்பவில்லை. திரும்பி அந்த முகங்களைப் பார்த்திருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

"படிப்பா சார்" என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். "நல்லாப் படிப்பா. விடியக்காலம் அவளா எந்திரிச்சுப் படிப்பா. அவளுக்கு மிஞ்சுன பிள்ள இந்த ஊருல இல்ல."

கடைசி வார்த்தையைச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. அது தானாக வந்துவிட்டது. ரபீக் மெதுவாகக் கேட்டான்: "அப்ப அன்னைக்கு உள்ள கேட்டது ரேடியோ இல்லையாக்கா?"

நாகஜோதிக்கு இடம் கிடைத்தது. வெளியே வரும்போது அன்னத்தாய், "இம்புட்டு நாளும் எங்ககிட்டயே மறைச்சிட்டயேத்தா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பாண்டியம்மாள் வீடுவரை தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு உப்பும் மிளகாயும் இரண்டு மடங்கு.

அதன் பிறகு அவளுக்கு நிம்மதி இல்லை. மகள் தும்மினால் திரும்பிப் பார்த்தாள். தனிவகுப்பு முடிந்து சுருளிவேலும் நாகஜோதியும் மற்ற பிள்ளைகளோடு வரும் வழியில் தினமும் போய் நின்றாள். அன்னத்தாய் கொடுத்தனுப்பிய அதிரசத்தை மகளுக்குத் தெரியாமல் கோழிக்குப் போட்டாள். ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாசியில், பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கையில், நாகஜோதிக்கு உடம்பெல்லாம் அம்மை போட்டது.

பாண்டியம்மாள் யாரையும் திட்டவில்லை. வேப்பிலைமேல் மகளைப் படுக்க வைத்துவிட்டு, வீரபாண்டி அம்மன் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். வார்த்தைய விட்டது எம் வாய்தான், பிள்ளையை விட்டுரு, அவ பரீட்சை எழுதிப் பாஸானா ஒன் வாசலுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அதிரசம் கொடுத்தனுப்பிய அன்னத்தாய் தினமும் இளநீரோடு வாசலுக்கு வந்தாள். பாண்டியம்மாள் அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கினாள். ஆனால் வாங்கினாள், மகளுக்குக் கொடுக்கவும் செய்தாள்.

மூன்று தண்ணீர் ஊற்றி, தழும்பு ஆறாத முகத்தோடு நாகஜோதி பரீட்சை எழுதினாள். நானூற்றுக்கு மேலே வாங்கி, பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தாள். சுருளிவேலும் பாஸானான். பாண்டியம்மாள் யாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து சித்திரையில், நாகஜோதி பன்னிரண்டாவது எழுதிவிட்டு நர்சிங் படிக்கக் காத்திருந்தபோது, ரபீக் மறுபடி வந்தான். கல்லூரி ஒன்றில் ஆசிரியராகியிருந்தான். பாஸாகுமா என்ற அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த பதில்களை எல்லாம் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினேன் என்று எழுதி ஆராய்ச்சியை முடித்ததாகச் சொன்னான். எழுதியது சரியா என்று இன்னும் தனக்கே முழுதாகத் தெரியவில்லை என்றும் சொன்னான். பாண்டியம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"எம் பேரப் போட்டயா?"

"இல்லக்கா."

"ஊரு பேர?"

"அதுவும் இல்ல." அவன் சிரித்தான். "இப்ப நாகஜோதி எப்படிக்கா படிக்குது?"

பாண்டியம்மாள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. இருந்தும் சொன்னாள்: "அது எங்க தம்பி படிக்குது. என்னமோ போகுது, வருது."

அந்த மே மாதமும் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஜீப் பெண்கள் சேர்ந்தே போனார்கள். தீச்சட்டி எடுத்தால் வழி நெடுகக் கேட்பார்கள், யாருக்காக, என்ன வேண்டுதல் என்று. குலவை போடுவார்கள். மகள் நன்றாக வந்துவிட்டாள் என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். பத்தாவது முடிந்த மறு வருஷம் எடுக்கலாம் என்றிருந்தாள். பிறகு பன்னிரண்டாவது முடியட்டும் என்றாள். இப்போது மகளுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று ஆத்தாவிடம் தவணை சொல்லிவைத்திருக்கிறாள். கூட்டத்தோடு கூட்டமாக, கோயில் முன்னால் நட்டிருந்த கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

"நீ எதுக்குத்தா வேண்டியிருக்க?" என்றாள் பக்கத்தில் நின்ற அன்னத்தாய்.

"ஒண்ணுமில்ல. சும்மா கும்பிட்டுப் போக வந்தேன்" என்றாள் பாண்டியம்மாள்.

அவளுக்கு முன்னால் யாரோ ஒருத்தி தீச்சட்டியோடு படியேறிக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.