ஆகாரத்துக்கு உதவுது

கீரைக்கட்டின் இலையை மேபல் அன்ரி பார்ப்பதில்லை. கட்டைத் தலைகீழாகத் திருப்பி, வேரில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பெருவிரல் நகத்தால் சுரண்டி, இரண்டு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பார். பிறகு, "எங்கத்த மண் இது?" என்பார். எங்கத்த கீரை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கை முனையில் செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஒன்பதரைக்கு இது நடக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வருவார். ஐம்பத்துநாலு வயது. முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடை, காலில் ஆண்கள் போடுகிற சப்பாத்து, தோளில் துணிப்பை. நடைபாதையில் கீரை விற்கிற ஒவ்வொருவரிடமும் ஒரேயொரு கட்டு வாங்குவார். விலை பேசமாட்டார், நல்லதாகப் பொறுக்கவும் மாட்டார். "வாடினதையும் தா. சனம் வாடினதையும் வாங்கித்தானே தின்னுது" என்பார். ஒவ்வொரு கட்டையும் காகித உறையில் போட்டு, பென்சிலால் சிங்களத்தில் இடமும் திகதியும் எழுதிய துண்டொன்றை உள்ளே வைப்பார். எங்களில் ஒருவர் பெயரும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. விற்கிற சாமான்தான் பெயர். கீரை விற்கிற அழகுமுத்து அண்ணன் "கீரை". பக்கத்தில் சாக்கு விரித்து, புளிக்குப் பிழிகிற தேசிக்காய் குவித்திருக்கிற நான் "தேசிக்காய்".

பொரளையில் பஸ் மாறிப் போகிற ஓர் அரசாங்க ஆய்வுகூடத்தில் அவர் இருபத்தாறு வருடங்களாக உதவியாளர். வாங்கிய கீரையைக் கழுவி, அடுப்பில் காயவைத்து, தூளாக்கி, சாம்பலாக எரித்து, அசிட்டில் கரைத்துக் கொடுப்பது அவர் வேலை. அதற்குள் எவ்வளவு ஈயம் இருக்கிறதென்று இயந்திரம் சொல்லும். "மெஷின் பொய் சொல்லாது. அத பேப்பர்ல எழுதுறவங்கதான் யோசிச்சு எழுதுவாங்க" என்பார். அசிட் குப்பி கழுவிக் கழுவி அவருடைய விரல் நுனிகள் வழுவழுவென்று ஆகிவிட்டன. பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் விரலடையாளம் விழவேயில்லையாம். அழுத்தி வைக்கும்படி அதிகாரி அதட்டியிருக்கிறார். "உங்கட வேலையில தேஞ்ச ரேகை. நீங்கதான் தேடித் தரோணும் எண்டு சொன்னன். மூஞ்சி போன போக்கைப் பார்க்கோணுமே" என்று எங்களுக்குச் சொன்னார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அவரிடம் சொல்லக்கூடாத ஒரு வசனம் உண்டு. உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினால் எல்லாம் போய்விடும் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அந்த ஆள் அன்றைக்குத் தொலைந்தார்.

"கழுவினாப் போறதுக்கு அது என்ன சேறா? வேரால குடிச்சு இலைக்குள்ள வச்சிருக்குது. உன்ட ரத்தத்தைக் கழுவிப்போட்டு வா, பிறகு கீரையைக் கழுவலாம்."

வீட்டிலும் இதே கதைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அவருடைய கணவர் பிறெடிக்குக் கீரைச் சுண்டல் என்றால் உயிராம். "ரிசல்ட் வராமச் சமைக்கமாட்டன். ரிசல்ட் வரேக்க கீரை அழுகிடும். இருபத்தஞ்சு வருசமா அந்த மனிசன் முட்டைக்கோவாதான் தின்னுது."

இப்படிக் கோபப்படுகிற மனுசியை நான் வேறு கண்டதில்லை. கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றின் பின்னால் வெறுங்காணி ஒன்று கிடக்கிறது. முன்பு யாரோ அங்கே பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்திருக்கிறார்கள். உடைத்தவர்கள் காசோடு போய்விட்டார்கள், ஈயம் மண்ணோடு நின்றுவிட்டது. அந்தக் காணியின் ஓரத்துக் கால்வாய்க் கரையில் விளைகிற கீரைதான் எங்கள் பக்கத்துச் சட்டிகளுக்கு வருகிறது என்பதைப் பத்து வருடங்களாகக் காகித உறையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டியவர் மேபல் அன்ரி.

இரண்டு வருடங்களுக்கு முன்னர்தான் அதற்கு ஓர் ஆராய்ச்சி கிடைத்தது. டில்ஷானி என்ற இளம் டொக்டர் பொறுப்பு. மருந்து கொடுக்கிற டொக்டர் அல்ல, படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர். இந்த வருடம்தான் காணிக்கு வேலி அடித்து, நான்கு பாத்தி போட்டார்கள். இரண்டில் உமிக்கரியைக் கலந்தார்கள். அந்தக் கரி ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், கீரைக்குப் போக விடாதாம். மற்ற இரண்டிலும் ஈயத்தை உறிஞ்சி எடுப்பதற்கென்றே செடி நட்டார்கள். வளர்ந்ததும் வெட்டி எரித்து, சாம்பலைப் பூட்டி வைக்கவேண்டும். ஐந்தாறு தடவை அப்படி எடுத்தால் மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகும் என்பது கணக்கு.

அந்தச் செடி, தண்டுக்கீரை.

"சூரியகாந்தி போடுங்க டொக்டர் எண்டு தலையால அடிச்சன்" என்று நடைபாதையில் நின்றே கத்தினார். "சூரியகாந்தியை எவன் களவெடுத்துப் பால்கறி வைப்பான்? கேட்டாங்களா? கீரைதான் கெதியா வளருமாம். ரிப்போர்ட்டுக்கு திகதி கிட்டுதாம். தின்னுற சாமானுக்கு நஞ்சு பருக்கிற வேலை எங்கட ஊரில மட்டும்தான் நடக்கும்."

வேலிக்குள் வைக்கிற எச்சரிக்கைப் போர்ட்டில் நஞ்சு என்ற சொல்லைப் போடவேண்டும் என்றும் கேட்டாராம். காணிக்காரர் சம்மதிக்கவில்லை. அந்தச் சொல்லைப் போட்டால் காணி பிறகு விலைபோகாதாம். ஆகாரத்துக்கு உதவாது என்று மூன்று மொழியிலும் எழுதினால் போதும் என்று முடிவாயிற்று.

போன மாதம் ஒரு செவ்வாய். மேபல் அன்ரி வருவதைக் கண்டதும் அழகுமுத்து அண்ணன் உற்சாகமாக ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அன்ரி, இன்னைக்கு நம்மகிட்ட ராஜா கீரை. தண்டப் பாருங்க, கரும்பு மாதிரி. இத கொண்டுபோய் உங்க மெஷினுக்குக் குடுங்க, மெஷினுக்கே பசிக்கும்."

வழக்கம்போலக் கட்டைத் திருப்பினார். மண்ணைச் சுரண்டப் போன விரல் நின்றது. ஒரு தண்டின் அடியில் நீல நைலோன் நூல் முடிச்சொன்று இருந்தது. பாத்தியில் அளவெடுக்கிற செடிகளுக்கு அடையாளமாக அவரே கட்டிய முடிச்சு.

"இது எங்க வெட்டினது?"

"ஒருகொடவத்தையில, புதுசா வேலி போட்டிருக்கே..."

"வேலி போட்ட காணிக்குள்ள பூந்து வெட்டினியா? நாயே!"

"நாயி கீயின்னு பேசாதீங்க அன்ரி! களவா எடுக்கல. போர்ட்டுல போட்டிருக்கு. ஆகாரத்துக்கு உதவுதுன்னு போட்டிருக்கு. அரசாங்கம் சனத்துக்குப் போட்டதுன்னுதான் நெனச்சேன்."

"பொய்!" என்று கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பொய் பேசுற வாயைத் தைப்பன். எத்தினை கட்டு?"

விடிய ஆறு மணிக்கு இருபத்திரண்டு கட்டு. எட்டு மிச்சம். பதினான்கு விற்றுப்போயிற்று. நேரம் பத்து மணி ஆகவில்லை, மதியச் சட்டி அடுப்பில் ஏறுகிற நேரம். யாருக்கு விற்றாய் என்று கேட்டபோது அழகுமுத்து அண்ணன் தலையைச் சொறிந்தார். கீரை விற்கிறவர் பார்ப்பது கையைத்தான். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், வேறு வேலை இல்லை. பதினான்கு பேரையும் சொன்னேன்.

மேபல் அன்ரி மிச்ச எட்டுக் கட்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். "எழும்பு தேசிக்காய்."

ஒழுங்கையில் வீடு வீடாக அவர் ஏறியதை நான் மறக்கமாட்டேன். வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை. "காலம வாங்கின கீரையைத் தா." ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நஞ்சு" என்ற ஒரே சொல். போர்ட்டில் எழுத விடாத சொல்லை ஒவ்வொரு வாசலிலும் சத்தமாகச் சொன்னார். ஒருத்தி காசைத் திருப்பிக் கேட்டாள். "உயிரைத் தாறன், காசையும் கேக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, கட்டைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். பன்னிரண்டு கட்டு பச்சையாகவே கிடைத்தது. ஒன்று வெந்துகொண்டிருந்தது. சட்டியோடு தூக்கினார்.

பதினான்காவது வீடு றமீலாவுடையது. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. அவள் பாயில் இருந்து சாப்பிட்டு முடித்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"கிளினிக்கில மிஸ் சொன்ன, ரத்தம் காணாது, கீரை நல்லாத் தின்னோணுமாம் எண்டு. அதான் காலமயே ஆக்கித் தின்ட. என்ன அன்ரி, ஏன் அப்பிடிப் பாக்கிற?"

அந்த வீட்டில் மட்டும் மேபல் அன்ரி கத்தவில்லை. முட்டுக்காலில் மெதுவாகக் குந்தினார். "ஒரு நேரம்தானே மகள். ஒரு நேரத்தால பெரிசா ஒண்டும் வராது" என்றார். கிளினிக்கில் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லும்படி துண்டில் எழுதிக் கையில் வைத்தார். தானே கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார்.

"அப்ப வகுத்தில ஈக்கிற புள்ளைக்கி?"

மேபல் அன்ரி சட்டியில் மிச்சமிருந்ததைப் பையில் வழித்துப் போட்டார். அந்தப் பெண் கேட்டதையே மறுபடி கேட்டாள். அவர் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒழுங்கை முனைக்கு வந்ததும் முழுக் கோபமும் அழகுமுத்து அண்ணன்மேல் திரும்பியது. "வா, காட்டு. என்ட போர்ட்டில அப்பிடி எழுதியிருந்தா நான் மேபல் இல்ல. தேசிக்காய், நீயும் ஏறு, சாட்சிக்கு." மூன்று பேரும் த்ரீவீலில் போனோம்.

வேலிக்கு உள்ளே வெள்ளைத் தகரத்தில் போர்ட் நின்றது. மேலே சிங்களம். அதை அவர் சத்தமாக வாசித்தார், சரியாக இருந்தது. நடுவில் ஆங்கிலம். அதையும் வாசித்தார், அதுவும் சரி. கீழே தமிழ். அங்கே வந்ததும் என்னைப் பார்த்தார்.

"வாசி."

எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் இருபத்தாறு வருடம் ஆய்வுகூடத்தில் நின்றவர் ஏன் கேட்கிறார் என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கிற்று. துண்டுகளில் சிங்களம் மட்டும் எழுதுவது ஏன் என்பதும் விளங்கிற்று.

"இக்கீரை ஆகாரத்துக்கு உதவுது" என்று வாசித்தேன்.

"திரும்ப வாசி."

திரும்ப வாசித்தேன். அழகுமுத்து அண்ணனுக்கும் இப்போதுதான் புரிந்திருக்கவேண்டும், உதவாது என்று இருக்கவேண்டியது எழுத்து மாறி உதவுது ஆகிவிட்டதென்று. பஸ்ஸில், அரசாங்கக் கந்தோரில், ஆஸ்பத்திரியில் எங்கள் மொழியை இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கொம்பு விழுந்திருக்கும், கால் முறிந்திருக்கும். படம்பிடித்து அனுப்பிச் சிரித்துவிட்டுப் போகிறோம். மூன்று மொழியில் ஒன்றுமட்டும் பிழையானால், அதை மட்டும் வாசிக்கத் தெரிந்தவன்தான் அந்தக் கீரையை வெட்டுவான் என்று யாரும் யோசிப்பதில்லை.

மேபல் அன்ரி போனை எடுத்து எனக்குக் காட்டினார். நான்கு மாதத்துக்கு முந்திய செய்தி. டொக்டர் டில்ஷானி போர்ட்டின் படத்தை அனுப்பி, தமிழ் சரியா என்று சிங்களத்தில் கேட்டிருந்தார். கீழே மேபல் அன்ரியின் பதில், ஒரே சொல்: "ஹரி." சரி.

"ஸ்கூல் முழுக்கச் சிங்களத்தில படிச்சவள் நான். சேர்ச்சில பூசையும் சிங்களம்தான். தமிழ் வாயில மட்டும்தான். ஒரு எழுத்துத் தெரியாது." அவர் குரல் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. "லெப்பில நான்தான் தமிழ் ஆள். தெரியாது எண்டு சொல்ல வெக்கம். வெக்கம்! தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ட வாயும் தேஞ்சிருக்குமா?"

அதே இடத்தில் நின்று டொக்டருக்குப் போன் எடுத்தார். சத்தம் எங்களுக்கும் கேட்டது. பாத்தியில் எத்தனை செடி மிச்சம் என்பதுதான் மறுபக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி. "செடி இருக்கு. ஒரு புள்ளைத்தாச்சியும் இருக்கு" என்று சிங்களத்தில் சொன்னார். தமிழைப் பார்த்துச் சரியென்று சொன்னது தான்தான் என்றும், அதை அப்படியே எழுதி வைக்கும்படியும் சொன்னார். புதுப் போர்ட்டுக்கு விலைமனு எடுக்கவேண்டும், இரண்டு கிழமையாவது ஆகும் என்று பதில் வந்தது.

போனைப் பைக்குள் போட்டார். போட்ட கையோடு வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பை எடுத்தார்.

"எந்த எழுத்து?"

காட்டினேன். அந்த "வு"வின் வாலைத் திறப்பால் சுரண்டத் தொடங்கினார். கறுப்பு மை தூளாக உதிர்ந்து சப்பாத்தில் விழுந்தது. வால் போய் வெறும் தகரம் மினுங்கியது.

"இப்ப என்ன போடோணும்?"

அதே வரியில் முன்னால் நின்ற "ஆகாரத்துக்கு" என்ற சொல்லில் "கா"வின் காலைத் தொட்டுக் காட்டினேன். இதே வடிவம், இதற்குப் பக்கத்தில் என்றேன். அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இடக்கையின் வழுவழுத்த விரலொன்றை அந்தக் காலின் மேலேயே வைத்துக்கொண்டு, வலக்கையால் திறப்பை அழுத்தி, பார்த்துப் பார்த்துத் தகரத்தில் கீறினார். பாதியில் திறப்பின் முனை வளைந்தது. திருப்பிப் பிடித்துக்கொண்டு மீண்டும் கீறினார்.