மூணு மணிக்கு நிற்கும் ரயில்

தொண்ணூறுகளில் ஒரு கோடை. அண்ணன் போய்ச் சேர்ந்து ரெண்டு மாசம். ஸ்ரீராம்புரத்து மொட்டைமாடி ஷீட் கூரை ரூமில் அவன் போட்டுவைத்த பொம்மை ரயில் தினமும் மூணு மணி வாக்கில் தானாக நின்றது. தண்டவாளம் ரெண்டாகப் பிரியும் அதே பாயிண்டில். ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மர் புகையக்கூடாதென்று அவன் லைனில் ஒரு கார் பல்பைக் கோத்திருந்தான். ரயில் நின்றதும் அது பளிச்சென்று எரியும். அஞ்சு மணிக்கு மேல் அணையும். யாரும் தொடாமல் ரயில் கிளம்பும்.

கீழ்வீட்டு அம்மா துணி எடுக்கக்கூட மாடி ஏறுவதில்லை. "பேடப்பா" என்று கன்னடத்தில் வேண்டவே வேண்டாமென்று கும்பிடு போட்டாள்.

அண்ணி மதியமே ரயிலை ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்துவிடுவாள். பல்பு அணைகிறவரை பச்சைத் தண்ணி பல்லில் படாது. ஆள் பாதியாகிவிட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவளை அந்த ரூமிலிருந்து இறக்கியே தீருவதென்று ஞாயிறுதோறும் காலையில் போய் வயர், மோட்டார் எல்லாம் கழற்றிப் பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை. காலையில் சனியன் நன்றாகவே ஓடியது.

கடைசியில் லீவு போட்டு மூணு மணிக்கே போய் உட்கார்ந்தேன். ரூம் அடுப்பாகக் கொதித்தது. பல்பு எரிந்ததும் எழுந்து கதவோரம் போய் நின்றேன், பொய் சொல்வானேன். அண்ணி எனக்குக் காபி போடக் கீழே போனாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கரண்ட் கடக்காமலிருக்க ரெண்டு தண்டவாளத் துண்டுக்கு நடுவில் விட்டிருந்த மயிரிழை இடைவெளி மூடிக்கிடந்தது. சூட்டில் இரும்பு நீண்டு முட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஆனால் சரியாக அந்த இடத்தில், பலகைமேல், இத்தனை ஞாயிறும் நான் கவனிக்காத அண்ணன் கைப் பென்சில் கோடு. பக்கத்தில் இரும்பு அறுக்கிற, பிரிக்காத புது ஹாக்ஸா பிளேடு. செத்தவன் எனக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்! பிளேடைப் பிரித்து, கோட்டுக்கு நேராக வெட்டினேன். பல்பு அணைந்தது. ரயில் ஓடியது.

"அண்ணி, பேயுமில்ல பிசாசுமில்ல, வெயில்!" என்று கத்தினேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

அண்ணி டம்ளரோடு வாசலில் நின்றாள். "தெரியும் தம்பி. அவர்தான் கண்டுபிடிச்சாரு. அன்னிக்கு ஆபீஸ் கெளம்பறப்போ கோடு போட்டுட்டு, 'சாயங்காலம் வந்து வெட்டறேன், நீ தொடாதே'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

அன்று சாயங்காலம் அண்ணனை ஆபீஸிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

"அந்த ஒரு வேலைதான் பாக்கி இருந்துச்சு," என்றாள். "அதுக்காவது வருவாருன்னு ஒக்காந்திருந்தேன்."

பாவி, பிளேடு என் கையில்தான் இருந்தது.

ரயில் நிற்காமல் சுற்றியது. அண்ணி டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அப்புறம் அந்த ரூமுக்கு அவள் ஏறவே இல்லை. நானும் அதைத்தான் கேட்டிருந்தேன்.