மழை பெய்தால் பெரட்டு இல்லை

இரண்டு வருடத்துக்கு முன்பு, மலேசியாவில், லாபிஸில் எங்கள் வீட்டுக்கு அருகே மெயின் ரோட்டில் நடந்தது இது. காலை ஏழு மணி இருக்கும். இரவெல்லாம் மழை. நான் கோப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள் அப்பாவைக் காணோம். கேட் திறந்து கிடந்தது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். இப்போது மறதி நோய். விடிந்தால் போதும், பெரட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் மண்டோர் என்கிற கங்காணி பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. அந்தத் தோட்டமே இப்போது இல்லை.

ஓடினேன். ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். லாரிகள் உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன. எனக்கோ பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். கையைப் பிடித்து இழுத்து, "தோட்டத்த மூடி எத்தன வருஷமாச்சு, சொன்னா புரியாதாப்பா?" என்று கத்தினேன். "யாரு நீ, விடு" என்று உதறினார். உதறிய வேகத்தில் ஒரு கால் தாரில் இறங்கிவிட்டது. நான் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அவர் இன்னும் திமிறினார்.

எதிரே பேக்டரி வேனுக்குக் காத்திருந்த ஒரு அம்மா ரோட்டைக் கடந்து வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அப்பாவுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "கைய விடுங்க தங்கச்சி" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் விட்டேன்.

"பெரட்டுக்காங்கய்யா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஆமா. லேட்டா போனா மண்டோர் ஏசுவாரு."

"ராத்திரியெல்லாம் மழ பெஞ்சுச்சே. மரமெல்லாம் ஈரமா இருக்குமே."

அப்பா வானத்தைப் பார்த்தார். காலடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். மரம் நனைந்திருந்தால் அன்றைக்குப் பால் வெட்டு கிடையாது. தோட்டத்தில் பிறந்த எனக்கும் தெரிந்ததுதான். இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லையே.

"அப்ப வேல இல்ல" என்றார் அப்பா. தானாகவே ஓரமாக வந்தார். "புள்ளைக்கு ரொட்டி வாங்கிட்டுப் போவோம். மழ நாள்ல காத்துக்கிட்டு இருக்கும்."

அந்தப் பிள்ளை நான்தான். வேலையில்லாத மழை நாளில் அப்பா கொண்டுவரும், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்காக வாசலிலேயே நிற்பேன். ஐம்பது வயதில், நடுரோட்டில், அழுதுவிட்டேன்.

அதற்குள் வேன் வந்துவிட்டது. "எங்கம்மாவும் இப்படித்தான் இருந்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மழையில்லாத நாளில் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவோடு நடக்கிறேன், ரோட்டுப் பக்கம் நான், உள்பக்கம் அவர். கொஞ்ச தூரத்தில் கால் வலித்து அவரே திரும்பிவிடுகிறார்.

அந்த மழை நாளில், வேன் போன பிறகு, கடையில் அப்பா ரொட்டிப் பொட்டலத்தை என்னிடமே நீட்டி, "எம்புள்ளகிட்ட குடுத்துரும்மா" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன். அப்பாவோடு மல்லுக்கட்டி ஜெயித்த எந்த நாளிலும் எனக்கு அப்படியொரு நிம்மதி கிடைத்ததில்லை.