எட்டாவது சுற்று

எங்கள் சைக்கிள் குழுவில் பதினான்கு பேர். அதில் பதின்மூன்று பேர் டாக்டர் மிரட்டியதால் சேர்ந்தவர்கள். ஞாயிறு காலை அம்பத்தூரிலிருந்து குத்தம்பாக்கம் வரை மிதித்துப் போய், கரைத்த கொழுப்பை அங்கேயே வெண்பொங்கலாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு வருவோம். மீதி ஒருவன்தான் நிஜமாகவே சைக்கிள் ஓட்டுகிறவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை, இருபத்துமூன்று வயது. அதுவரை கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் இரண்டாவதாக வந்தவன்.

ஐந்தாவது பந்தயம் திருநின்றவூரில், மனைகள் விற்காமல் கிடந்த ஒரு லேஅவுட்டில் நடந்தது. சாலை உண்டு, வீடு கிடையாது. எட்டுச் சுற்று. முதல்முறையாக அவனுடைய அம்மாவும் வந்திருந்தார்.

"இன்னிக்கும் செகண்டுன்னா சைக்கிள வித்துட்டு வண்டி வாங்கிடறேன்னு சொல்லிகிறாண்ணா" என்றார் என்னிடம். "என்னிய டெய்லி ஸ்டேஷன்ல உடறதுக்காச்சும் ஆவும்ல?"

பிள்ளை தோற்க வேண்டும் என்றா வேண்டிக்கொள்வார்? ஆனால் ஜெயிக்க வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை.

எனக்குச் சுற்று எண்ணும் வேலை. தடித்தடியாகப் புத்தகம் படிக்கிறவன், எட்டு வரை எண்ணமாட்டானா என்று நம்பிக் கொடுத்தார்கள். எங்கள் ஏற்பாடு எளிமையானது. ஒரு தினசரிக் காலண்டர். சுற்றுக்கு ஒரு தாளாகக் கிழித்துக்கொண்டே வந்தால், எந்தச் சுற்று ஓடுகிறது என்று பெரிய எழுத்தில் தெரியும். எட்டு தெரிந்ததும் மணி அடிக்க வேண்டும்.

அடித்தேன். கடைசிச் சுற்று என்று எல்லோரும் பேய்போல மிதித்தார்கள். ஆவடிக்காரர் ஒருவர் ஒரு சக்கர நீளத்தில் முந்தினார். எங்கள் பையன் இரண்டாவது. அம்மா தரையைப் பார்த்தார். அவன் நிற்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தோ என்னவோ, தலையைக் குனிந்தபடி போய்க்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் என் கையிலிருந்த தாள்களில் ஒன்று கனமாக இருப்பது தெரிந்தது. ஐந்தும் ஆறும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்திருந்தன. ஓடியது ஏழே சுற்று.

ஒப்புக்கொண்டேன். உடனே ஆவடிக் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"உங்க ஆளு செகண்டு வந்தப்புறம்தான் கணக்கு ஞாபகம் வந்துச்சா, அண்ணாத்தே?"

"அடுத்த வாட்டி எண்றதுக்கு எல்கேஜி பசங்க யாரையாச்சும் இட்டுகினு வா, நைனா!"

இறங்கி நின்று என்னைத் திட்டுவதில் ஓட்டுநர்கள் ஒருவர்கூடப் பின்தங்கவில்லை. நடுவர் விசில் ஊதி, "இன்னும் ஒரு ரவுண்டு கீதுபா!" என்று கத்தியபோது எங்கள் பையன் பாதிச் சுற்றைத் தாண்டியிருந்தான், தெரியாமலே. ஆவடிக்காரர் என்னைப் பாதி வசவில் விட்டுவிட்டு சைக்கிளில் தாவினார்.

சீமைக்கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பையன் ஊர்வலம் போவதுபோல் வந்தான். பின்னால் ஆவடிக்காரர் நெருங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் கத்தினோம். கிண்டல் என்று நினைத்தானோ என்னவோ, நிமிரவில்லை.

"டேய்! பின்னாடி வரான்டா! மெதிடா!"

அது அம்மாவின் குரல். சாலைக்கே வந்து நின்று கத்தினார். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்து, திரும்பிப் பார்த்து, எழுந்து நின்று மிதித்தான். அரை சைக்கிள் நீளம்தான் வித்தியாசம். ஆனால் முதலாவது.

இது ஒழுங்கான வெற்றியா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பது ஆவடியின் கருத்து.

கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தவன், அம்மாவிடம் மெதுவாக, "அப்போ வண்டி?" என்றான்.

"ஸ்டேஷனுக்கு நடந்தா நான் இன்னா தேஞ்சா பூடுவேன்? நீ ஓட்றா."

சைக்கிளை அவனிடமிருந்து வாங்கித் தானே தள்ளிக்கொண்டு நடந்தார். பெடல் இரண்டு முறை அவர் காலில் இடித்தது. அவன் கை நீட்டினான். கொடுக்கவில்லை.