ஏழு பன்னிரண்டுக்குத் தளரும் கிளட்ச்

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. புவனேஸ்வரன் இன்றும் லூனாஸில்தான் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். கெட்டிக்காரன்தான். ஆனால் கர்வம் பிடித்தவன். அந்தக் கர்வம் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆயில் மாற்ற மட்டும் வந்த வண்டியாக இருந்தாலும் கிளட்ச் லிவரைப் பிடித்துப் பார்ப்பான். லிவர் தொளதொளவென்று ஆடினால் அவனுக்குப் பொறுக்காது. கேபிளை இழுத்து டைட்டாக்கி, லிவர் ஒரு நூலளவு மட்டும் ஆடும்படி வைத்துக் கொடுப்பான். வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். காசும் வாங்க மாட்டான். "இது நம்ம பெலஞ்சா" என்பான், நண்பனுக்கு தே தாரிக் டீ வாங்கிக் கொடுக்கிற மாதிரி. சர்வீஸ் கார்டிலும் அப்படியே எழுதிக் கொடுப்பான். வந்தவர்கள் நன்றி சொல்லிச் சொல்லியே அவன் தலை கனத்துப் போயிருந்தது.

போன செப்டம்பரில் அவன் மனைவியின் தம்பி காளிதாசனுக்குக் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவனுக்கு வண்டி தேடிக் கொடுக்கும் பொறுப்பு புவனேஸ்வரன் தலையில் விழுந்தது. பண்டார் பாருவில் பழைய வண்டி விற்கும் பஷீரிடம் புதன்கிழமை ஒன்றை வாங்கி வந்தான். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எஞ்சின் சுத்தம். கிளட்ச் மட்டும் படு லூஸ். லிவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்குப் போன பிறகுதான் கிளட்ச் வேலை செய்தது. எந்த மடையன் ஓட்டிய வண்டியோ என்று சிரித்துக்கொண்டே கேபிளை இழுத்து, லாக் நட்டை முடுக்கினான். நட்டின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் போட்டான். யாராவது நட்டைத் திருப்பினால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

வியாழன் காலை வந்து பார்த்தான். கிளட்ச் லூஸ். கோடு உடைந்திருந்தது.

காளிதாசன்தான் நோண்டியிருப்பான் என்று அவனைப் பிடித்துத் திட்டினான். பாவம், அவன் வண்டியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தான். புவனேஸ்வரன் நம்பவில்லை. மறுபடி முடுக்கினான், இந்த முறை இரண்டு ஸ்பேனர் போட்டு. புதுக்கோடும் போட்டான்.

அன்று மாலை வெளியே நல்ல மழை. கதவை இறக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். பாங்கு சொல்ல இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன. பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

கிறிச்... கிறிச்...

திரும்பிப் பார்த்தான். பட்டறையில் யாருமில்லை. லிவர் மட்டும் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு பன்னிரண்டு.

அவனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. இந்த வண்டியில்தான் திங்கட்கிழமை காளிதாசன் போக வேண்டும். ரோட்டில் போகும்போது இப்படித் தளர்ந்தால் பையன் கதி என்ன?

வெள்ளிக்கிழமை மூன்றாவது முறையாக முடுக்கினான். லிவர் முழுக்க வெள்ளை கிரீஸ் தடவினான். கதவை உள்பக்கம் பூட்டி, ஐந்தடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். விளக்குகள் எல்லாம் எரிந்தன.

ஏழு பத்து.

ஏழு பதினொன்று... மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏழு பன்னிரண்டு.

கிறிச்...

நட்டு திரும்பியது. தானாக. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

கேபிள் தொய்ந்தது.

பிறகு லிவர் உள்ளே போனது. கைப்பிடியைத் தொட்டது. திரும்ப வந்தது. மறுபடி உள்ளே போனது... யாரோ பிடித்துப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது போல.

பிறகு ஒரு பெருமூச்சு. அவன் காதுக்கு ரொம்பப் பக்கத்தில்.

அவ்வளவுதான்.

எழுந்து போய்ப் பார்த்தான். கிரீஸில் தடம் இருந்தது. லிவரின் வெளி நுனியில் இரண்டே இரண்டு விரல்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பட வேண்டிய இடத்தில் கிரீஸ் கலையவே இல்லை.

மறுநாள் பஷீருக்குப் போன் செய்தான். வண்டியை விற்றது ராக்காயி என்ற பெண், புருஷன் இறந்துவிட்டார், எஸ்டேட் வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று பஷீர் சொன்னார். "எனக்கு அவ்ளோதான் தெரியும் லா" என்று போனை வைத்துவிட்டார். அவர் சொன்ன எஸ்டேட்டைத் தேடிக்கொண்டு புவனேஸ்வரன் போனான்.

எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவில் சின்ன வீடு. சுவரில் மாலை போட்ட படம், கீழே முருகையா என்று பெயர். ராக்காயி கோப்பி கலந்து கொடுத்தாள். வண்டியை வாங்கியது தான்தான், லூனாஸிலிருந்து வருகிறேன் என்று அவன் சொன்னதும் அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"இடது கையில அவருக்கு ரெண்டு விரல் கிடையாது தம்பி. ரப்பர் ஆலை மெஷின்ல போயிடுச்சு. மிச்சம் இருந்த ரெண்டு விரலுக்கு எட்டணும்னு கிளட்ச்ச அவரே லூசா வெச்சிருந்தாரு."

ஒருநாள் லூனாஸ் பக்கம் வேலையாகப் போனவர் அங்கே ஒரு பட்டறையில் ஆயில் மாற்றினாராம். யாரோ கேட்காமலேயே கேபிளை டைட்டாக்கி விட்டார்களாம். விரல் எட்டவில்லை, நாளைக்குச் சரிபண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாராம். மறுநாள் மாலை சிம்பாங் சந்திப்பில் வண்டியை நிறுத்தி, கியரிலேயே லிவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாராம். இரண்டு விரலும் வழுக்கியது. வண்டி துள்ளி நடு ரோட்டுக்குப் போனது. எதிரே லாரி.

"ஏழு பன்னெண்டுன்னு போலீஸ்ல எழுதியிருக்காங்க" என்றாள். அழவில்லை. அழுது முடித்தவள்.

பிறகு சாமி படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு கார்டை எடுத்தாள். "அந்தப் பட்டறைக்காரர அவரு ஒரு வார்த்த கொற சொல்லல. காசே வாங்கல, நல்ல மனுஷன்னுதான் சொன்னாரு. நீங்களும் லூனாஸ்தானே தம்பி, அவரத் தெரியுமா?"

புவனேஸ்வரன் கார்டை வாங்கிப் பார்த்தான். தேதி. அடுத்த ஆயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. அதற்குக் கீழே அவனுடைய கையெழுத்து.

கிளட்ச் – பெலஞ்சா.

அந்தக் கார்டை அவன் ஒரு மனிதரின் கையில்தான் கொடுத்திருக்க வேண்டும். முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தான். வரவில்லை. தொளதொளத்த லிவர் மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"தெரியாதுக்கா" என்றான்.

வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது, கிளட்ச் லூசாகவே. அதன் பிறகு நட்டு திரும்பவில்லை. காளிதாசன் தொழிற்சாலை பஸ்ஸில் போகிறான், வண்டி வாங்கியும் கொடுக்காத மாமாவின் மேல் கோபத்தோடு. புவனேஸ்வரன் இப்போதெல்லாம் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வந்தவரின் கைகளைப் பார்க்கிறான். யாருக்கு என்ன பிரயோஜனம்?

ராக்காயியிடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை. ஏழு மணியானால் கதவை இறக்கிவிட்டு எதிர்க் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஏழு பன்னிரண்டுக்கு அவன் பட்டறையில் இருப்பதே இல்லை.