முதலில் சிவப்பு, அப்புறம் நீலம்

விலங்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அந்த அம்மாளுக்கு எல்லோரும் வைத்த பெயர் வரிசை அக்கா. வீட்டில் செருப்பு கழற்றி விடவும் வரிசை, பாத்திரம் கழுவவும் வரிசை. இருபது வருஷமாக அவர் புருஷன் வாயைத் திறக்காமல் அதில் நிற்கிறார்.

ஆனால் அக்காவின் பெருமையெல்லாம் எக்ஸ்ரே அறைச் சுவரில் அவர் ஒட்டிய தாளில்தான் இருந்தது. 'முதலில் சிவப்பு டிஸ்க். அப்புறம் நீலம். மீறினால் நான் பொறுப்பல்ல.' அங்கே லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று, அதில் சொருக சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக யூஎஸ்பி டிஸ்க் இரண்டு. படங்கள் முதல் டிஸ்க்கில் சேரும். மத்தியானம் அக்கா ஒரு கட்டளையைத் தட்டினால், இரண்டாவது அச்சாக முதலாவதைப் போலவே ஆகிவிடும். முதலாவதில் இல்லாதது இரண்டாவதிலிருந்து அழிந்தே போகும். எது முதல் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? எது முதலில் வந்ததோ அதுதான் முதல். அவ்வளவுதான் அதன் அறிவு.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டான். "அக்கா, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ள ஒரு நம்பர் இருக்கு. அத ஒரு ஃபைல்ல எழுதி, ஒன்னோட எடம் இதான்னு சொல்லிட்டா, எப்ப வந்தாலும் தானா அங்கயே போய் ஒக்காரும்."

"என் வரிசைக்கு என்னடா கொறச்சல்?"

போன வருஷம் ஒரு பூனையின் படங்கள் மாயமாயின. அறை துடைப்பவர்தான் டிஸ்க்கை மாற்றிச் சொருகினார் என்று அக்கா தீர்ப்பு எழுதினார். மறுநாள் காலை அந்த மனிதரை அரைமணி நேரம் கிழி கிழியென்று கிழித்தார். இன்னொரு தடவை படம் காணாமல் போனால் வேலை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அறை துடைப்பவர் எக்ஸ்ரே அறை வாசலைத் தாண்டுவதில்லை.

இந்தத் திங்கட்கிழமை ஒரு நாய் ஊசியை விழுங்கிவிட்டு வந்தது. பத்து மணிக்குப் படம் எடுத்தாயிற்று. பதினொன்றுக்கு கரன்ட் போய் வந்தது. பன்னிரண்டுக்கு அக்கா வழக்கம்போலக் கட்டளையைத் தட்டினார். ஆபரேஷனுக்குமுன் டாக்டர் படத்தைக் கேட்டபோது, இரண்டு டிஸ்க்கிலும் படம் இல்லை.

டாக்டருக்கு மூக்கின் மேல் கோபம். "அந்த ரூம் தொடைக்கிறவர நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

அவர் மாப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றார். 'சரி டாக்டர்' என்று அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என்ன செய்வது, பழக்கம். ஆனால் படம் எடுத்ததிலிருந்து கம்ப்யூட்டர் முன் நாற்காலியை விட்டு அக்கா எழுந்திருக்கவே இல்லையே! திரையைப் பார்த்தார். கரன்ட் வந்ததும் நீலம் முந்திக்கொண்டு எழுந்து, முதல் டிஸ்க் ஆகியிருந்தது. அதில் காலைப் படம் இல்லை; அவர் தட்டிய கட்டளை சிவப்பையும் அதைப் போலவே ஆக்கிவிட்டது. அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

"அவரு தொடல டாக்டர். படத்த அழிச்சது நான்தான்."

"அப்ப செவுத்துல ஒட்டியிருக்கீங்களே, அது?"

"அழகுக்கு."

நாற்பது கிலோ நாயை அக்காவும் அறை துடைப்பவரும் தூக்கி மேஜையில் போட்டு மறுபடி படம் எடுத்தார்கள். நாய் அக்காவின் கையை நக்கியது. அதற்கு விவரம் தெரியாது. இரண்டு மணிக்குள் ஊசி வெளியே வந்துவிட்டது.

அக்கா தம்பிக்கு போன் போட்டார். அவன் சொல்லச் சொல்ல இரண்டு நம்பரையும் ஃபைலில் எழுதினார். வேண்டுமென்றே நீலத்தை முதலில் சொருகிப் பார்த்தார். அது சமர்த்தாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சிவப்பும் அப்படியே. சுவரிலிருந்த தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே அறை துடைப்பவரிடம் போனார்.

"அண்ணே, போன வருஷம் அந்தப் பூனைப் படம்... அதுவும் நீங்க இல்ல போலிருக்கு. மன்னிச்சிடுங்க."

"தெரியும்மா. அன்னிக்கு நான் லீவு."

"அய்யோ, அத அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதாம்மா வரிசையில நின்னேன். என் முறை வரவே இல்ல."